தொட்டி மண்ணில் துள்ளும் வெள்ளை உயிர்கள்: இவை என்ன, எப்படிப் படம் எடுப்பது?

மாடித்தோட்டம்_கோவை:
வணக்கம். கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாகச் சின்னச் சின்ன உயிர்கள் மிதந்து வந்து துள்ளுகின்றன. ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த மண். நர்சரியில் மருந்து அடிக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. கேனான் கேமராவும் 55-250 லென்ஸும் இருக்கின்றன. எடுத்த படத்தில் எல்லாம் வெறும் வெள்ளைப் புள்ளிதான்.

சருகுக்காடு:
மருந்து அடிக்காதீர்கள்! துள்ளுகிறது என்றால் அநேகமாக ஸ்பிரிங்டெயில். பூஞ்சையையும் மட்கும் இலையையும் தின்று பிழைப்பவை, உங்கள் செடிக்கு ஒன்றும் ஆகாது. வயிற்றுக்கு அடியில் ஒரு கவை மடிந்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் கொக்கி விட்டதும் கவை தரையில் அறைந்து உடலைத் தூக்கி எறியும். தொட்டிகளில் வரும் வெள்ளை இனங்களில் ஃபோல்சோமியா காண்டிடாவும் ஒன்று. மண்ணில் நச்சு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் இதையே வளர்க்கிறார்கள். நீங்கள் அடிக்கும் மருந்து முதலில் கொல்வது இவற்றைத்தான்.

லென்ஸின் முன்னால் ரெய்னாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோசப் லென்ஸை மாட்டி, ஜூமை 250-ல் வையுங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். அப்போதும் ஒரு மில்லிமீட்டர் உயிர் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது, அதனால் குவியம் துல்லியமாக இருக்க வேண்டும். ஃபிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பர் கட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை உடம்பு வெளிறிப்போகும். ஈரமான கரித்துண்டில் துளி ஈஸ்ட் தூவி வைத்தால் தின்ன வந்து நிற்கும்.

இனம் காண அழகான முகப் படம் போதாது. ஒரே உயிரை மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுங்கள். வயிற்றின் நான்காம் கண்டம் (வளையம் போன்ற உடல்பகுதி) மூன்றாவதைவிட நன்றாக நீண்டிருந்தால் எண்டமோபிரையிடே என்ற ஸ்பிரிங்டெயில் குடும்பத்தின் பக்கம் போகலாம். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் ஐசோடோமிடே குடும்பம். உருண்டையாக இருந்தால் அது ஸ்பிரிங்டெயில்களிலேயே வேறு வரிசை (குடும்பத்தைவிடப் பெரிய பிரிவு). துள்ளாத வெள்ளை ஏதாவது கூட இருந்தால் அதையும் எடுங்கள். ஓனிகியூரிடே குடும்பத்தில் பலவற்றுக்குக் கவையே கிடையாது.

புனல்வலை:
சருகுக்காடு அண்ணா சொன்னது சரி. கால்களையும் எண்ணிப் பாருங்கள். எட்டுக் கால், உணர்கொம்பு இல்லை என்றால் சிலந்திப்பேன் போன்ற மைட் வகை. பின்னால் இரண்டு வால் நீட்டிக்கொண்டிருந்தால் டிப்ளூரா என்ற ஆறுகால் மண்ணுயிர். 12 இணைக் கால்களோடு வெள்ளையாக ஓடினால் சிம்ஃபைலா என்ற பூரான் போன்ற சிற்றுயிர், அது இளம் வேரைக் கடிக்கும்.

மாடித்தோட்டம்_கோவை:
ரொம்ப நன்றி. கரித்துண்டு வைத்துப் பார்க்கிறேன். ஃபிளாஷ் அடித்தால் ஓடிவிடாதா?

சருகுக்காடு:
நான் பார்த்தவரை ஃபிளாஷைக் கண்டுகொள்வதில்லை. மூச்சுக்காற்று பட்டால்தான் துள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு எடுங்கள், படத்தை இங்கே போடுங்கள்.