அணுகல் கோப்பில் ‘ஓகே’ எழுதினால் மின்னஞ்சல் வந்துவிடுமா?

நெடுங்காவல்: “அனுப்புபவரின் ஐபி முகவரிக்கு எதிரே ஓகே என்று எழுதிவிடுங்கள், பிறகு எந்த மின்னஞ்சலும் திரும்பாது” என்று, வரவேண்டிய மின்னஞ்சல் மறுக்கப்படுவதாகக் கேட்ட புதியவனுக்கு நேற்று இங்கே ஒருவர் திருவாய் மலர்ந்திருக்கிறார். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளின் அணுகல் கோப்பில் (யாரை விடலாம், யாரை மறுக்கலாம் என்று குறிக்கும் கோப்பு) ஓகே என்பது, அந்தக் கோப்பைப் பார்க்கும் விதிப்பட்டியலை மட்டுமே முடித்துவைக்கும். கிளையன்ட் (இணைக்கும் கணினி) பட்டியல் விட்டாலும் ஹீலோ (அந்தக் கணினி சொல்லும் பெயர்), அனுப்புநர், பெறுநர் பட்டியல்கள் தத்தம் விசாரணையை நடத்தும். ஒன்று மறுத்தாலும் மின்னஞ்சல் திரும்பிவிடும்.

சர்வர்சித்தன்: திருவாய் மலர்ந்தவன் நான்தான். என் சர்வரில் ஓகே எழுதியதும் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. வந்த மின்னஞ்சலை வரவே இல்லை என்று வாதிடும் புலமை எனக்கில்லை.

புதியவன்: கேள்வி கேட்டவன் நான். லாகில் (சர்வரின் பதிவேட்டில்) இருப்பது: “554 5.7.1 செண்டர் அட்ரஸ் ரிஜெக்டட்: ஆக்சஸ் டினைட்” (அனுப்புநர் முகவரி மறுக்கப்பட்டது: அனுமதி இல்லை). ஐபிக்கு ஓகே எழுதிய பிறகும் இதே வரிதான் வருகிறது.

நெடுங்காவல்: பாருங்கள்! மறுக்கப்பட்டது அனுப்புநர் முகவரி. ஐபிக்கு எத்தனை ஓகே எழுதி என்ன பயன்?

மூன்றாம்கண்: போஸ்ட்மேப் (கோப்பை சர்வர் படிக்கும் வடிவுக்கு மாற்றும் கட்டளை) ஓட்டிவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்தீர்களா?

நெடுங்காவல்: போஸ்ட்மேப் உருவாக்கும் ஹாஷ் கோப்புக்கு ரீலோட் தேவையில்லை, மாற்றத்தை அதுவே கண்டுகொள்ளும். ஐபி வரம்புகளை எழுதிவைக்கும் சிஐடிஆர் கோப்புக்குத்தான் ரீலோட் வேண்டும். போன முறையும் இதே குழப்பத்தைத்தான் கிளப்பினீர்கள்.

மூன்றாம்கண்: ரீலோட் செய்து எந்த சர்வரும் கெட்டுப்போனதில்லை. போன முறை பேச்சை நடுவில் விட்டுப் போனவர் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

சர்வர்சித்தன்: லாகில் ஆர்சிபிடி (பெறுநர் முகவரியைச் சொல்லும்) கட்டத்தில் மறுத்ததாகத்தானே இருக்கும்? அப்படியானால் கோளாறு பெறுநர் பட்டியலில். நான் எல்லா விதிகளையும் அங்கேயேதான் வைத்திருக்கிறேன். ஓகே வேலை செய்கிறது.

நெடுங்காவல்: மறுப்பைத் தள்ளிப்போடும் அமைப்பு இயல்பிலேயே இயங்குவதால், எந்தப் பட்டியல் மறுத்தாலும் லாகில் ஆர்சிபிடி என்றே பதிவாகும். மேலும், பெறுநர் பட்டியலில் அந்நிய முகவரிகளை மறுக்கும் விதிக்கு முன்னால் ஓகே வைத்திருந்தால், 2013இல் போஸ்ட்ஃபிக்ஸின் 2.10 பதிப்பு ரிலேவுக்கென (பிறர் மின்னஞ்சலை வெளியே கடத்துவதற்கென) தனிப் பட்டியல் கொடுக்கும் வரை உங்கள் சர்வர் அந்த ஐபிக்குத் திறந்த வீடாகத்தான் இருந்திருக்கும்.

சர்வர்சித்தன்: என் சர்வரின் பாதுகாப்பை யாரும் கேட்கவில்லை. ஓகே வேலை செய்கிறதா, இல்லையா?

நெடுங்காவல்: எந்தப் பட்டியலில்?

சர்வர்சித்தன்: என் சர்வரில்.

புதியவன்: அனுப்புநர் கோப்பில் அந்த டொமைனுக்கு ரிஜெக்ட் என்று ஒரு பழைய வரி கிடக்கிறது. நீக்கலாமா?

மூன்றாம்கண்: நீக்கியதும் ரீலோட் செய்யுங்கள்.

நெடுங்காவல்: ரீலோட் தேவையில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.