இப்னு கல்தூன் அரசியலை விட்டு ஒதுங்கியது துறவா, தோல்வியா?

தாழையூரான் (கேள்வி)
வாசகர் வட்டத்தில், 14-ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் பற்றிப் பேச வேண்டும். துனிஸ், ஃபெஸ், கிரனாடா, பிஜாயா என்று அரசவை அரசவையாக மாறியவர், 1375-ல் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் கல்அத் இப்னு சலாமா என்ற கோட்டைக்குப் போய், தன் பெரிய வரலாற்று நூலுக்கு முன்னுரையான 'முகத்திமா'வை எழுதுகிறார். "நான்கு ஆண்டு தவமிருந்து எழுதினார்" என்றுதான் பல கட்டுரைகளிலும் இருக்கிறது. இதைச் சூஃபிகளின் துறவு போலச் சொல்லலாமா?

ஏட்டுச்சுவடி
துறவு என்று சொல்லாதீர்கள் நண்பரே. அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பார்த்தாலே விஷயம் புரியும்.

இது முதல் முயற்சி அல்ல. 1370 வாக்கில் திலிம்சான் நகரத்தை ஒட்டிய உப்பாதில், அபூ மத்யன் தர்காவில் தங்கிக் கல்வியோடு இருந்துவிடப் பார்த்தார். அரசவைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தால் யார் விடுவார்கள்? ஃபெஸ் சுல்தான் அப்துல் அஜீஸ் படையோடு வந்தார், இவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். 1374-ல் நண்பர் இப்னுல் கத்தீப், கிரனாடாவின் முன்னாள் அமைச்சர், ஃபெஸ் சிறையில் கொல்லப்பட்டார். அவரைக் காப்பாற்ற இப்னு கல்தூன் முயன்றும் பலிக்கவில்லை. பெரிய பதவி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1375-ல் திலிம்சான் சுல்தான் அபூ ஹம்மு, தவாவிதா பழங்குடியைத் தன் பக்கம் இழுத்து வரச் சொல்லி இவரை அனுப்பினார். இவர் சரியென்று கிளம்பி, பாதி வழியில் திசை மாறி அவ்லாத் அரீஃப் பழங்குடியிடம் போய்விட்டார். சுல்தானிடம் இவருக்காகச் சாக்குச் சொன்னதும், திலிம்சானில் இருந்த குடும்பத்தை வரவழைத்ததும், கோட்டையில் இடம் கொடுத்ததும் அவர்கள்தான். சுல்தானும் பகைத்துக்கொள்ளத் தயங்கும் பழங்குடி அது. முதல் முயற்சியில் இல்லாதது இந்தப் பாதுகாப்புதான். குழுவின் கட்டுறுதியே அதிகாரத்தின் வேர் என்று 'அஸபிய்யா' பற்றி எழுதியவர், எழுதுவதற்கான இடத்தையும் அதே கட்டுறுதியின் நிழலில்தான் பெற்றார். உங்கள் பேச்சை இதில் தொடங்குங்கள்.

கூடல்நகர் வாசகன்
"நான்கு ஆண்டு தவம்" பற்றி: கோட்டையில் இருந்த காலம்தான் ஏறக்குறைய அது. முகத்திமாவின் முதல் வரைவு ஹிஜ்ரி 779-ல், அதாவது 1377-ல், ஐந்தே மாதத்தில் முடிந்தது. இதை அவரே சொல்கிறார். பிறகு அந்தப் பெரிய நூலின் அரபு, பெர்பர் (வட ஆப்பிரிக்கப் பூர்வகுடி) வரலாற்றுப் பகுதிகளில் இறங்கினார். அதற்கு நினைவு மட்டும் போதாது, நூல்கள் வேண்டும். அதற்காகத்தான் 1378-ல் துனிஸ் திரும்பினார். பின்னாளில் எகிப்திலும் திருத்திக்கொண்டே இருந்தார். ஹிஜ்ரி ஆண்டு இரண்டு கிறித்தவ ஆண்டுகளில் விழும், அதனால் நூல்களில் ஓராண்டு முன்பின் வரும். ஒரே நூலின் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படிக்க நேரம் குறைவென்றால் முகத்திமாவின் ஆறு அத்தியாயங்களில் மூன்றாவதை எடுங்கள். அரசு தொடங்கும்போது வரிவிகிதம் குறைவு, வருவாய் அதிகம். முடியும்போது விகிதம் ஏறும், வருவாய் சரியும் என்ற பகுதி அதில்தான். பிஜாயாவில் ஹாஜிபாக (முதலமைச்சர் போன்ற பதவி) இருந்தபோது மலைப் பெர்பர்களிடம் நேரில் வரி வசூலித்தவர் அவர். ஓர் அரசின் ஆயுள் மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 40 ஆண்டு, மொத்தம் 120 என்ற கணக்கும் அங்கேதான் வருகிறது. அதைப் பெரும்பாலான அரசுகளுக்கு என்றுதான் சொல்கிறார். எல்லா அரசுக்கும் பொருத்தினால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தாழையூரான்
நன்றி. அப்படியென்றால் அரசியலே வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்பதும் சரியில்லையா?

ஏட்டுச்சுவடி
சரியில்லை. 1366-ல் பிஜாயாவை அபுல் அப்பாஸ் என்ற எந்த அரசரிடம் ஒப்படைத்தாரோ, 1378-ல் துனிஸில் அவரிடமே போய் நின்றார். அங்கும் பொறாமையும் சந்தேகமும் சூழ, 1382-ல் ஹஜ் போகிறேன் என்று அனுமதி வாங்கி எகிப்துக்குக் கப்பல் ஏறினார். கெய்ரோவில் மாலிக்கி சட்டப்பிரிவின் தலைமைக் காதி (நீதிபதி) பதவி கிடைப்பதும் போவதுமாக இருந்தது. 1401-ல் டமாஸ்கஸ் முற்றுகையின்போது மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிப் போய், முற்றுகையிட்ட மத்திய ஆசியப் பேரரசர் தைமூரைச் சந்தித்தார்.

முகத்திமாவின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு சிறு பகுதி உண்டு, தவறாமல் வாசியுங்கள். அறிஞர்கள்தான் அரசியலுக்கு மிகத் தொலைவானவர்கள் என்கிறார். அவர்கள் மனத்தில் பொதுவிதியை வைத்துக்கொண்டு நடப்பை அதற்குள் திணிப்பார்கள்; அரசியலில் ஒவ்வொரு நிகழ்வும் தனித்தனி, ஒன்றைப் போல இன்னொன்று இராது என்பது அவர் வாதம். இத்தனை சுல்தான்களிடம் வேலை பார்த்த ஒருவர் இதை எழுதுகிறார் என்பதை மனத்தில் வைத்து அந்தப் பகுதியை வட்டத்தில் அப்படியே படித்துக் காட்டலாம், இரண்டு பக்கம்கூட வராது.