மவுஸை வைத்தால் படம் மாறவில்லை, மாறினாலும் மினுங்குகிறது: பழைய எக்ஸ்புளோரர்

கல்லடித் தம்பி:
எங்கள் வாசிகசாலைக்கு ஒரு சின்ன இணையத்தளம் செய்கிறேன். முகப்பில் மட்டக்களப்பில் 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தின் படம் இருக்கிறது, மவுஸை மேலே வைத்தால் 2013இல் திறந்த புதுப் பாலம் வரவேண்டும், கீழே வாவிப் படங்களும் அப்படித்தான். வீட்டில் பயர்பாக்ஸில் நன்றாக வேலை செய்கிறது. வாசிகசாலையில் எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி, பிரவுசர் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6. அதில் வாவிப் படங்கள் (பட்டியலில் லிஸ்ட் ஐட்டத்துக்கு ஹோவர், அதாவது மவுஸை வைத்தால் மாறும் ஸ்டைல், கொடுத்தவை) அசையவே இல்லை. லிங்காகக் கொடுத்த பாலம் மாறுகிறது, ஆனால் நடுவில் வெள்ளையாகி மினுங்குகிறது. அங்கே எதையும் இன்ஸ்டோல் பண்ண எனக்கு அனுமதி இல்லை, பின்னேரம் வருகிற பிள்ளைகள் அதில்தான் பார்ப்பார்கள். என்ன செய்யலாம்?

காத்தான்குடி நானா:
தம்பி, இது இரண்டு வேறு பிழை. எக்ஸ்புளோரர் 6க்கு லிங்கில் மட்டும்தான் ஹோவர் தெரியும். மற்ற டேக்குகளுக்கு அது 2006இல் வந்த 7இல்தான் வந்தது, அதுவும் பக்கத்தின் தலையில் டொக்டைப் (பக்கம் எந்த வகை என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி) ஒழுங்காக இருந்தால்தான். அதனால் வாவிப் படங்களையும் லிங்குக்குள் போட்டு, அந்த லிங்க் ஒரு பெட்டிபோல நிற்க டிஸ்பிளேயை புளொக் ஆக்கி, அகலம் உயரம் கொடுங்கள்.
வெள்ளையாவதற்குக் காரணம், இரண்டாவது படம் தனி பைல், மவுஸ் வந்த பிறகுதான் அதை இறக்கத் தொடங்குகிறது. இரண்டையும் மேலும் கீழுமாக ஒரே படமாக ஒட்டி, லிங்கின் பின்னணியாக வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 200 பிக்சல் உயரம் என்றால் ஹோவரில் பேக்ரவுண்ட் பொசிஷனை (பின்னணிப் படம் நிற்கும் இடத்தை) மேல்நோக்கி மைனஸ் 200க்கு நகர்த்தினால் போதும். படத்தின் முகவரியை ஹோவரில் திரும்ப எழுத வேண்டாம்.

அக்கரைப்பற்று அக்கா:
நானா சொன்னதைச் செய்த பிறகும் மினுங்கினால் பயப்படாதீங்க தம்பி. இன்டர்நெட் ஒப்ஷன்ஸில், தற்காலிக பைல்களுக்கான செட்டிங்ஸில் 'ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்' என்று இருந்தால், எக்ஸ்புளோரர் 6 அதே படத்தையே ஒவ்வொரு ஹோவருக்கும் சர்வரிடம் போய்க் கேட்கும். அங்கே கைவைக்க முடியாவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட்டில் டொக்கியுமென்ட்டின் எக்செக்-கமாண்டுக்கு பேக்ரவுண்ட்-இமேஜ்-கேஷ், ஃபோல்ஸ், ட்ரூ என்ற மூன்றையும் கொடுங்கள். ஒரே வரிதான், பின்னணிப் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளச் சொல்வது. மற்ற பிரவுசரில் பிழை வராமல், எக்ஸ்புளோரர் மட்டும் படிக்கும் கண்டிஷனல் கமென்டுக்குள் வையுங்கள்.
இன்னொன்று, ஊடுதெரியும் பிஎன்ஜி போடாதீங்க, பின்னால் சாம்பல் நிறம் வரும். அதற்கென்று இருக்கிற ஆல்பா ஃபில்டரைப் போட்டால் பேக்ரவுண்ட் பொசிஷன் நகராது, நானாவின் வழியே கெட்டுப்போகும். பாலம், வாவி எல்லாம் போட்டோதானே, ஜேபெக் போதும்.

கல்லடித் தம்பி:
நானா, அக்கா, இன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். லிங்குக்குள் போட்டதும் வாவிப் படங்கள் மாறிவிட்டன. ஒட்டிய பிறகும் இரண்டு கணினியில் மட்டும் பாலம் மினுங்கியது, செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் அக்கா சொன்ன அதே தெரிவு! அந்த வரியைப் போட்டதும் நின்றுவிட்டது. இரண்டு நாளாக நித்திரை இல்லாமல் இருந்தேன், பெரிய உதவி.