அக்கா மகனின் பவுடர் டப்பா: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அக்கா மகன் ஓஹாயோவில் ஒரு கல்லூரி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான் (காலால் உதைப்பது குறைவு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம்). ஜிம் நண்பன் கொடுத்த ஏதோ பவுடரை இரண்டு வாரமாகக் கலக்கிக் குடித்திருக்கிறான். லேபிளைப் படித்தால் பாதி புரியவில்லை.

அதில் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து ஏதும் கலந்திருக்குமோ என்றுதான் பயம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதிப்படி உடலுக்குள் போவதற்கெல்லாம் ஆட்டக்காரனே பொறுப்பு. "தெரியாமல் குடித்தேன்" எடுபடாது. 2015இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வில் கிரியர், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, கடையில் வாங்கிய சப்ளிமென்ட்தான் என்று சொல்லியும் ஓராண்டுத் தடை வாங்கினார். 2018இல் கிளெம்சன் பல்கலைக்கழக வீரர்கள் மூவர், சோதனையில் துளியூண்டு ஆஸ்டரின் (தசை வளர்க்கும் தடை மருந்து) சிக்கியதால் காட்டன் பவுல் என்ற பெரிய ஆட்டத்தில் இறங்கவே முடியவில்லை.

அணியின் மருத்துவக் குழுவிடம் இப்போதே சொல்லிவிடலாமா, இல்லை அதுவே அவனுக்கு வினையாகிவிடுமா? அப்புறம், 'என்.எஸ்.எஃப். சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' முத்திரை (தடை மருந்து கலப்பு உண்டா என்று சோதித்துத் தருவது) இல்லாத டப்பாவை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தவர்கள் யாராவது உண்டா? எவ்வளவு செலவானது?

டப்பாவைத் தூக்கி எறியாதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் தெரியாது. நல்லவேளை, அவர் இந்தக் குழுவில் இல்லை.