மட்டக்குதிரைகள் வெயிலில் நிற்பது ஏன்? "நிழல் இல்லாமல் தவிக்கின்றன" என்று எழுதியவருக்கு ஒரு பதில்

மேய்ப்பன்:
நேற்று இங்கே இளங்காற்று என்பவர் மட்டக்குதிரைகளைத் திறந்து மேயவிடும் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குப் போய்வந்த படங்களைப் போட்டு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். "உச்சி வெயிலில் ஒரு கூட்டம் மட்டக்குதிரைகள் திறந்தவெளியில் அசையாமல் நிற்கின்றன. ஒதுங்க நிழல் இல்லை, கேட்க ஆள் இல்லை. வளர்ப்பவர்கள் அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள்." அதன் கீழே வரிசையாக அழுகை முகங்கள். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

அதே படத்தை நன்றாகப் பாருங்கள். குதிரைகளுக்குப் பின்னால் ஓக் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. இடையில் வேலி கிடையாது. குதிரைகளை யாரும் கட்டி வைக்கவும் இல்லை. நிழல் வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தில் நடந்து போயிருக்கும். போகவில்லை. காரணம் ஈ. கோடையில் மரத்தடியில் காற்று அடங்கிக் கிடக்கும், ஈக்கள் மொய்க்கும். மேட்டில், திறந்த இடத்தில், கொஞ்சமாவது காற்று வரும். அதனால்தான் குதிரைகள் வெயிலைத் தாங்கிக்கொண்டு அங்கே நிற்கின்றன. ஒன்றின் தலை அடுத்ததன் வால் பக்கம் இருக்கும்படி நிற்பதைக் கவனித்தீர்களா? ஒன்றுக்கொன்று முகத்தில் ஈ ஓட்டிக்கொள்கின்றன. தவிப்பு என்று நீங்கள் எழுதியது அந்தக் குதிரைகளின் மதிய ஓய்வு.

அந்தக் காட்டிலுள்ள லிண்ட்ஹர்ஸ்ட் ஊர்ப் பக்கத்தில் பல வருடமாக இருக்கிறேன். ஒரு மதியம் காரில் வந்து படம் எடுத்துப் போகிறவர்கள், அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் குதிரை வளர்க்கிறவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று எழுதினால் சும்மா இருக்க முடியாது.

இளங்காற்று:
நான் யாரையும் கொடுமைக்காரர் என்று எழுதவில்லை. கண்ணால் கண்டதை எழுதினேன். நீங்கள் சொல்லும் அதே ஓக் மரத்தடியில் அன்று மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அந்தப் படத்தையும் போட்டிருக்கிறேன், அது உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. ஒரே நிலம், ஒரே வெயில், ஒரே ஈ. மாட்டுக்குத் தெரிந்த நிழல் குதிரைக்குத் தெரியாதா? குதிரையை மட்டும்தான் ஈ கடிக்குமா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

எனக்குத் தோன்றியது இதுதான். கார் நிற்கும் இடத்தில் தின்னக் கிடைக்கும் என்று பழகிப்போய், பசியோடு வெயிலில் காத்து நிற்கின்றன. ஒரு குட்டி என் கார்க் கதவு வரை வந்து முகர்ந்தது.

மேய்ப்பன்:
மாடும் குதிரையும் ஒன்றல்ல, நண்பரே. மாட்டின் முதல் வயிற்றில் புல் புளித்துக்கொண்டே இருக்கும், அதிலிருந்தே உடம்புக்குள் சூடு கிளம்பும். வியர்வையும் குதிரை அளவுக்கு வராது, மூச்சிரைத்தும் சூட்டை வெளியேற்றும். அதனால் மாடு நிழலைத் தேடும், ஓடையில் இறங்கி நிற்கும். குதிரை மனிதனைப் போல வியர்த்தே குளிரும் பிராணி. அதற்கு நிழலைவிடக் காற்று முக்கியம். ஒரே வெயிலில் இரண்டும் இரண்டு இடத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பசியோடு காத்து நிற்கின்றனவாம்! குதிரைகள் விடியற்காலையிலும் சாயங்காலமும் இரவிலும் மேயும். மதியம் தூங்கி வழியும். நின்றபடியே தூங்கும் பிராணியைப் பார்த்துப் பசி என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள்.

1960களில் ஸ்டெஃபனி டைலர் என்ற ஆய்வாளர் இந்தக் குதிரைகளின் பின்னாலேயே திரிந்து, 1972இல் அவற்றின் நடத்தையைப் பற்றி விரிவாக வெளியிட்டார். கோடையில் அவை வழக்கமான இடங்களில் கூடி நிற்பதை அப்போதே பதிவு செய்திருக்கிறார். ஐம்பது வருடமாகத் தெரிந்த விஷயம் இது. நேற்றுத்தான் உங்களுக்குத் தெரிய வந்திருக்கிறது.

நுண்ணோக்கி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மேய்ப்பன் "ஈ" என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறார். எந்த ஈ? குதிரையைக் கடித்து ரத்தம் குடிக்கும் பெரிய குதிரை ஈக்கள் வெயிலைத்தான் விரும்பும். நிழலில் நிற்கும் விலங்கைவிட வெயிலில் நிற்கும் விலங்கைத்தான் அதிகம் தேடி வரும். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். வெள்ளைக் குதிரைகளுக்கு அந்த ஈக்களின் தொல்லை குறைவு, கறுப்பு, பழுப்புக் குதிரைகளுக்கு அதிகம். கருமையான உடலில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் அவற்றை இழுக்கிறது. நியூ ஃபாரஸ்ட் மட்டக்குதிரைகளில் பெரும்பாலானவை பழுப்பும் கறுப்பும். அப்படிப்பட்ட குதிரை ஈக்குத் தப்ப வெயிலுக்குப் போனது என்றால், கடிக்கிறவன் வீட்டு வாசலிலேயே போய் நின்றது என்று அர்த்தம்.

இன்னொன்று. அந்தப் படத்தில் பிடரி மயிர் ஒன்றுகூட அசையவில்லை. காற்று எங்கே?

மேய்ப்பன்:
நுண்ணோக்கி வந்துவிட்டாரா, சரி. நான் எதை எழுதினாலும் மூன்றாவது பதிலாக வந்து நிற்பார்.

படத்தில் மயிர் அசையவில்லையாம். படம் எப்படி ஐயா அசையும்?

பிரான்ஸின் காமார்க்கில் திரியும் குதிரைகளைப் பற்றிய ஆய்வுகள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் சொல்லவில்லை. 1979இல் வந்த ஆய்வில், கூட்டம் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு குதிரைக்கும் விழும் கடி குறைகிறது என்று எண்ணிக் காட்டினார்கள். 1980இல் வந்ததில், ஈத்தொல்லை உச்சத்தில் இருக்கும்போது குதிரைகள் புல்லை விட்டு வெறுந்தரையில் போய் நின்றன, அங்கே குதிரை ஈ குறைவாக இருந்தது. வெறுந்தரை, திறந்தவெளி. மரத்தடி அல்ல. நான் முதல் பதிவில் சொன்னதும் அதைத்தான்.

எந்த ஈ என்று கேட்டீர்கள். குதிரை ஈ ஒன்றுதான் ஈயா? கண்ணிலும் காதோரத்திலும் மொய்க்கும் சின்ன ஈக்களை என்ன செய்வது? அவை பறப்பதில் பலவீனமானவை, கொஞ்சம் காற்று அடித்தாலே நிற்க முடியாது. காற்று அடங்கிய மரத்தடிதான் அவற்றுக்கு வசதி. ஒரு மதியம் அங்கே மரத்தடியில் நின்று பாருங்கள், உங்கள் முகத்திலேயே தெரியும்.

அமுதினி:
எனக்கு ஒரு சந்தேகம். தவிப்பு என்று எதைச் சொல்கிறோம்? ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். அன்று அவை எத்தனை முறை விட்டன? விலா துடித்ததா, வியர்வை நுரைத்ததா? எத்தனை டிகிரி வெயில்? 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளும் 25 டிகிரி நாளும் ஒன்றாகுமா? முதலில் இதை முடிவு செய்துகொண்டு பேசலாமே.

இளங்காற்று:
அமுதினி, நான் தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டு போகவில்லை. தகதகவென்று கொதித்தது, அவ்வளவுதான் தெரியும்.

மேய்ப்பனிடம் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. மாடு ஏன் மரத்தடியில் படுத்திருந்தது? வயிறு, வியர்வை என்று என்னவோ சொன்னீர்கள். அதே மரத்தடியில் ஈ மொய்க்கிறது என்றால் மாடு எப்படி நிம்மதியாக அசைபோட்டது?

சாலையோரம்:
நீங்கள் எல்லாரும் மேட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அந்த வழியாக வேலைக்குப் போகிறவன். குதிரைகள் நிற்பது மேட்டிலும் இல்லை மரத்தடியிலும் இல்லை, நடு ரோட்டில். கொதிக்கும் தார் மேல். ஹாரன் அடித்தாலும் நகராது. வேலி இல்லாத ரோடுகளில் 40 மைல் வேகம்தான் அனுமதி, நான் அதற்கும் கீழேதான் போகிறேன். இரவில் கறுப்புக் குதிரை கண்ணுக்கே தெரியாது. சிலவற்றுக்கு மட்டும் ஒளிரும் கழுத்துப்பட்டை போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் போட்டால் என்ன? வளர்க்கிறவர்களுக்கு உரிமை உண்டு, பொறுப்பு கிடையாதா? மேய்ப்பன் இதற்கு என்றைக்கும் பதில் சொன்னதில்லை.

மேய்ப்பன்:
ரோட்டுக்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் மேய்ச்சல் இருக்கிறது. 1079இல் முதலாம் வில்லியம் அதை அரச வேட்டைக்காடாக ஆக்கிய காலத்திலிருந்து மேய்ச்சல் உரிமையைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். உங்கள் ஆபீஸ் நேரத்துக்காகக் குதிரை நகர வேண்டுமாம். மோதுகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா வந்தவர்கள் அல்ல, வழி தெரிந்த உள்ளூர் ஆட்கள், அவசரத்தில் போகிறவர்கள். கழுத்துப்பட்டை முட்செடியில் மாட்டி அறுந்து போகும், போட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

பொறுப்பு கிடையாதா என்கிறீர்கள். அங்கே உரிமையாளர் இல்லாத மட்டக்குதிரை கிடையாது. காட்டின் மேய்ச்சலை நிர்வகிக்கும் வெர்டரர்கள் நியமித்த அஜிஸ்டர்கள், அதாவது கால்நடைக் கண்காணிப்பாளர்கள், ஆண்டு முழுதும் சுற்றிப் பார்க்கிறார்கள். மேய்ச்சல் கட்டணம் கட்டிய குதிரைக்கு வால் மயிரை ஒரு தினுசாக வெட்டி விடுவார்கள். வெட்டைப் பார்த்தே எந்த அஜிஸ்டரின் பகுதி என்று சொல்லலாம். இலையுதிர்காலம் நெருங்கும்போது குதிரைகளை ஓட்டி வந்து பட்டியில் அடைத்துப் பரிசோதிப்பார்கள். மெலிந்தவற்றை வெளியே விட மாட்டார்கள். "கேட்க ஆள் இல்லை" என்று எழுதிய வாய்க்கு இதெல்லாம் போதாதா?

நுண்ணோக்கி:
ரோட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். கறுத்த தார்ச்சாலையில் பட்டு வரும் ஒளியும் குதிரை ஈயைத் தண்ணீர் என்று ஏமாற்றி இழுக்கக் கூடியதுதான். ஈக்குத் தப்ப நிற்கும் குதிரை, ஈயை இழுக்கும் தாரின் மேல் ஏன் நிற்கிறது? காமார்க் ஆய்வைக் காட்டினீர்கள். அது சதுப்பு நிலம். அங்கே குதிரை ஓக் நிழலையும் வெறுந்தரையையும் ஒப்பிட்டுத் தேர்ந்ததாக அந்த ஆய்வு சொல்கிறதா? சொல்லவில்லை. கூட்டமாக நின்றால் கடி குறையும் என்பது சரி, அதை மரத்தடியிலும் கூட்டமாக நின்று பெறலாமே.

அப்புறம், வாலடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் தட்டையான ஈ ஒன்று நியூ ஃபாரஸ்டில் பேர்போனது. அது காற்றுக்கும் அஞ்சாது, வாலுக்கும் அஞ்சாது. மேட்டில் போய் நின்றால் அது இறங்கி விடுமா?

இளங்காற்று:
நல்ல கேள்வி.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று. அன்று ஒரு வாளியில் தண்ணீர் வைத்தேன். ஒரு கிழட்டுக் குதிரை வந்து மடமடவென்று முழுவதையும் குடித்தது. தாகம் இல்லாத பிராணி அப்படிக் குடிக்குமா? அங்கிருந்த ஒருவர் வந்து என்னைத் திட்டினார். தண்ணீர் கொடுத்ததற்கு! மறுபடியும் போனால் மறுபடியும் கொடுப்பேன்.

மேய்ப்பன்:
கொடுப்பீர்கள், ஏன் மாட்டீர்கள். 2023 ஜூலையில் அங்கே குதிரைகளைத் தடவுவதையும் அவற்றுக்குத் தின்னக் கொடுப்பதையும் தடை செய்தார்கள், 100 பவுண்டு அபராதமும் வைத்தார்கள். சும்மா போட்ட சட்டமா அது? இன்றைக்கு வாளி, நாளைக்குக் கேரட். கார் நின்றால் தீனி வரும் என்று பழகிய குதிரை ரோட்டிலேயே கிடக்கும், அதன் மேல் சாலையோரத்தின் கார் ஏறும். உங்கள் கார்க் கதவை முகர்ந்த குட்டியை யார் பழக்கியது? உங்களுக்கு முன்னால் வந்த இன்னொரு இரக்கக்காரர்தான். ஓடையும் குளமும் இருக்கிற காட்டில் வாளித் தண்ணீர் எதற்கு?

நுண்ணோக்கிக்கு. அந்தத் தட்டை ஈ எங்கள் குதிரைகளுக்குப் பழகிப்போன ஒன்று. அது ஏறினால் அவை காதைக்கூட அசைக்காது. வெளியூர்க் குதிரைதான் மிரண்டு உதைக்கும். இதை எந்த ஆய்விலிருந்தும் எடுக்கவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். போன இலையுதிர்காலத்திலும் இப்படித்தான் செய்தீர்கள். ஓக் காய் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு, அதைத் தின்னத்தான் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்து விடுகிறார்கள் என்று எழுதினேன். பன்றி காட்டைக் கிளறி நாசம் செய்கிறது என்று ஒரு வாரம் வாதாடினீர்கள். மறக்கவில்லை.

நுண்ணோக்கி:
பன்றி விஷயத்தில் நான் சொன்னதில் இப்போதும் நிற்கிறேன், மூக்கில் வளையம் போடாத பன்றி கிளறத்தான் செய்யும். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? காற்று இருந்ததற்கு ஆதாரம் கேட்டேன், பன்றியைக் காட்டுகிறீர்கள்.

அமுதினி:
எத்தனை டிகிரி என்று யாருமே சொல்லவில்லை.

மேய்ப்பன்:
ஆதாரம் படத்திலேயே இருக்கிறது. குதிரைகள் எல்லாம் மேட்டின் முனையில் நிற்கின்றன. பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை. மேட்டில் காற்று வரும் என்பதற்கும் ஆய்வு வேண்டுமா? நிழல் பக்கத்திலேயே இருந்தது, போகவில்லை. போகவில்லை என்பதை மட்டும் யாராவது மறுக்க முடியுமா?

இளங்காற்று:
மாடு போனதே.

சாலையோரம்:
கழுத்துப்பட்டை அறுந்தால் வேறு போட வேண்டியதுதானே. அதற்கும் ஈதான் காரணமா?

மேய்ப்பன்:
நாளைக்கு மதியம் அதே இடத்துக்குப் போய், மரத்தடியிலும் மேட்டிலும் நின்று வீடியோவே எடுத்துப் போடுகிறேன். பிடரி அசைகிறதா இல்லையா என்று நுண்ணோக்கி எண்ணிச் சொல்லட்டும்.

நுண்ணோக்கி:
போடுங்கள். எந்த ஈ என்று தெரியும் அளவுக்குக் கிட்டத்தில் எடுங்கள்.