பழைய செயின்சாவில் கிளட்ச் மாட்ட உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தோப்பில் விழுந்த தென்னைகளை அறுக்க அப்பா காலத்திலிருந்து இருக்கும் ஸ்டில் எம்எஸ் 180 மெஷின் இது. இன்ஜின் வேகம் கூடினால் மட்டும் செயினை ஓட்டவேண்டிய கிளட்சின் ஸ்பிரிங் தளர்ந்து, ஐடிலிங்கிலேயே (ஆக்சிலேட்டர் அழுத்தாதபோதே) செயின் ஓட ஆரம்பித்தது. கை வைக்கவே பயமாக இருந்ததால் கிளட்ச், அது பிடித்துச் சுற்றும் டிரம், டிரம்முக்குள் இருக்கும் நீடில் பேரிங் எல்லாம் புதிதாக வாங்கிவிட்டேன். கம்பெனி பாகங்கள் அல்ல, வெளிக்கடையில் கிடைத்தவை.

கழற்றுவதில் சிக்கல் இல்லை. இடது மரை என்பதால் வலப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கயிறு விட்டு பிஸ்டனை நிறுத்திக்கொண்டேன்.

மாட்டும்போதுதான் சந்தேகம். பழைய கிளட்ச் முகத்தில் அம்புக்குறி இருந்தது, புதியதில் எதுவுமே இல்லை. எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும்? கிளட்சுக்குப் பின்னால் இருந்த மெல்லிய தகடு புது செட்டில் வரவில்லை. ஓரம் லேசாக நீலம் பாய்ந்த பழையதையே போடலாமா?

அப்புறம், ஆயில் பம்பை ஓட்டும் கம்பி டிரம்மின் வெட்டில் சரியாக உட்கார்ந்ததா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? உட்காராவிட்டால் செயின் ஓடும் பாருக்கு ஆயிலே வராது. இதே மாடலைப் பிரித்து மாட்டியவர்கள் படம் போட்டால் பெரிய உதவி.