ஜெட்டைப் பெரிதாக்கியும் பிஸ்டன் பிடிக்கிறது, எங்கே கோட்டை விட்டேன்?

கேள்வி:
பந்தயத்துக்காக நானே தயார் செய்யும் 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. நேர்ப்பாதையின் முடிவில், முழு ஆக்ஸிலேட்டரில் போகும்போது இரண்டாம் முறையாகப் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. சட்டென்று கிளட்சை அழுத்தியதால் விழாமல் தப்பினேன். கழற்றிப் பார்த்தால், சைலன்சர் பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறல். பிளக் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையை, 130 இலிருந்து 145 வரை ஏற்றியாயிற்று. பெட்ரோல், ஆயில் கலவை 32:1. இன்னொன்று, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இரண்டு மூன்று விநாடி அப்படியே நின்று, பிறகுதான் இறங்குகிறது.

பதில் 1:
ஆயிலைக் கூட்டுங்கள். 20:1 வைத்தால் பிடிக்காது.

பதில் 2:
தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஜெட் வழியாகப் போவது ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்த கலவை. ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறையும். ஏற்கெனவே பெட்ரோல் போதாமல் வறண்டு ஓடும் இன்ஜின் இன்னும் வறண்டுபோகும்.

போகிறபோக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, நோய் அதில்தான் இருக்கிறது. வேகம் இறங்க மறுப்பது, கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ காற்று நுழைவதற்கான அடையாளம். அதை ஜெட்டை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

காற்றழுத்தச் சோதனை செய்யுங்கள். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் அடைப்பான் வைத்து மூடி, ஓர் அடைப்பானில் சிறு குழாய் செருகுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பம்பும் அளவியும் இதற்குப் போதும். அதில் 300 என்பது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால், கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் சீல் பிதுங்கிவிடலாம். முள் சில நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ஹெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், இன்டேக் ரப்பர், மேக்னெட் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சக்கரம்) பக்கத்து ஆயில் சீல் என்று சோப்பு நீர் தடவிக்கொண்டே வாருங்கள். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கியிருக்கும். நீங்கள் புகையைப் பற்றிச் சொல்லாததால், என் சந்தேகம் மேக்னெட் பக்கம்தான்.

மேக்னெட்டுக்குப் பின்னால் காயில்கள் இருக்கும் ஸ்டேட்டர் தட்டைக் கழற்றுமுன் அது இருக்கும் இடத்தில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தீப்பொறி விழும் டைமிங் மாறி, அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு வருவீர்கள்.

கேட்டவர்:
அண்ணா, நீங்கள் சொன்ன இடம்தான். முள் அரை நிமிடத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மேக்னெட்டைக் கழற்றிச் சோப்பு நீர் தடவியதும், சீல் உதட்டின் ஓரத்தில் கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. புது சீல் போட்டுவிட்டேன். இனி 145 ஜெட்டிலேயே ஓட்டலாமா?

பதில் 2:
ஓட்டலாம், ஆனால் இப்போது பெட்ரோல் அதிகமாகி, உயர் வேகத்தில் இன்ஜின் கனைக்கும். புதிய பிஸ்டனை நன்றாகப் பழக்கிய பிறகு, புது பிளக் போட்டு, டாப் கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, அந்த நிலையிலேயே இக்னிஷனை அணைத்துக் கிளட்சைப் பிடியுங்கள். பிளக்கைக் கழற்றி, பீங்கானின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே பழுப்பு வளையம் தெரியும்வரை ஒவ்வொரு ஜெட்டாக இறக்குங்கள். அதற்கு முன், மேக்னெட் பக்கம் கிராங்கை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தீர்களா? பேரிங் தேய்ந்திருந்தால் புது சீலும் நிற்காது.

கேட்டவர்:
ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஆடுகிறது. கிராங்கேஸைப் பிரிக்கிறேன்.